ஷ்யாம்பஜாரில் நின்றுபோன தாலாட்டு

என் மகளின் தூக்கத்தைக் கெடுத்தது மயக்க மருந்தா, அதை எப்படிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த நானா, அல்லது அதற்குப் பிறகு தினமும் நான் செய்துகொண்டிருந்த ஒரு காரியமா? ஆபரேஷன் முடிந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு நான்கு வயது. பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் மதுரைக்காரர். வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர். நான் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. அதனால் காஸ் ஏஜென்சி, பாலர் பள்ளி, ஆஸ்பத்திரி என்று வாயைத் திறக்க வேண்டிய இடமெல்லாம் என் தலையில்தான். பேசுகிறவளே கடைசியில் முடிவும் எடுப்பவளாகிவிடுகிறாள். அதை நான் அப்போது யோசித்ததில்லை.

ஒரு வருடமாகவே அவள் பெரிய ஆள் போலக் குறட்டை விட்டாள். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். சில நேரம் மூச்சு சட்டென்று நின்று, பிறகு ஒரு விக்கலோடு திரும்ப வரும். காது மூக்கு தொண்டை டாக்டர் அவள் தூங்குவதை வீடியோ எடுத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டு, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கிறது, எடுத்துவிட்டால் பிள்ளை நிம்மதியாகத் தூங்குவாள் என்றார். நல்ல தூக்கத்துக்காகத்தான் அந்த ஆபரேஷன். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

பூஜை விடுமுறைக்கு மூன்று வாரம் முன்னால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். களைத்த முகம், கொண்டையில் செருகிய பேனா. பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு, வங்காளியில் என்னிடம் நிதானமாகச் சொன்னார்.

ஒரு வழி, வார்டிலேயே இனிப்பான ஒரு சிரப் கொடுப்பது. அரை மணியில் பிள்ளை சொக்கிப்போய்விடும். அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போனதுகூட நினைவிருக்காது. ஆனால் குறட்டை விடுகிற பிள்ளை என்பதால் குறைந்த அளவில், பக்கத்திலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இன்னொரு வழி, சிரப் இல்லாமல் அம்மாவும் கூடவே தியேட்டருக்குள் வருவது. மாஸ்க்கில் வாயுவைச் சுவாசித்து அம்மா மடியிலேயே பிள்ளை மயங்கிவிடும்.

"ரெண்டும் பாதுகாப்பானதுதான். உங்க பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்றேன். அம்மா பதற்றப்படுற ஆளா இருந்தா பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தே பயந்துடும். அப்படின்னா சிரப்தான் நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

நான் மொழிபெயர்த்தேன். சிரப் கொடுக்கலாம், ஆனால் குறட்டை இருப்பதால் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நானே உள்ளே போகலாம், சிரப்பே தேவையில்லை. அவ்வளவுதான் சொன்னேன். பதற்றப்படுகிற அம்மாவைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"சிரப்பைக் குடுத்துரலாமே? அவளுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிரும்ல."

"தெரியாமக் கொண்டு போறது ஏமாத்துற மாதிரி இல்லையா? கூடவே இருப்பேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"அப்ப சரி. உனக்குத்தான் தெரியும்."

டாக்டரும் அதையே சொன்னார், அவரும் அதையே சொன்னார். எனக்குத்தான் தெரியுமாம்.

எங்கள் வீட்டுத் தாலாட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்குப் பாட வராது. என் மகளுக்கு மெட்ரோ என்றால் உயிர். அவள் இரண்டு வயதாக இருக்கும்போது, ஒருநாள் வேறு எதுவும் தோன்றாமல் மெட்ரோ ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக, மெதுவாக, இழுத்து இழுத்துச் சொன்னேன். தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் தாலாட்டு. தம்தம்மில் வண்டி கிளம்பும். பெல்காச்சியா. ஷ்யாம்பஜார். ஷோபாபஜார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் முதுகில் ஒரு தட்டு. எஸ்பிளனேட் வருவதற்கு முன் அவள் தூங்கியதே கிடையாது. மைதானைத் தாண்டி விழித்திருந்ததும் கிடையாது.

தியேட்டருக்குள் எனக்குப் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். அவள் என் மடியில் உட்கார்ந்து கூரையிலிருந்த பெரிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கில் ஸ்ட்ராபெரி வாசனை தடவியிருந்தார்கள். "வீட்டில் எப்படித் தூங்க வைப்பீங்களோ அப்படியே செய்ங்க" என்றார் டாக்டர். தயாராக வந்த மாணவி போல ஆரம்பித்தேன். தம்தம்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் என்ன தெரிந்ததோ. பெல்காச்சியா. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மாஸ்க்கைத் தள்ளினாள். "கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார்கள். நான்தான் பிடித்தேன். ஷ்யாம்பஜார். கண் மேலே செருகியது. கை தளர்ந்தது. உடம்பு ஈரத்துணி மாதிரி கனத்துப்போனது.

மூன்றாவது ஸ்டேஷன். நான் நிறுத்தத் தெரியாமல் ஷோபாபஜார் என்றும் சொன்னேன். "போதும் அக்கா, வெளியே வாங்க" என்று நர்ஸ் தோளைத் தொட்டார்.

விழித்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். வாயுவில் மயங்கிய சின்னப் பிள்ளைகள் சிலர் இப்படித்தான் எழுந்திருப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அரை மணி நேரத்தில் அடங்கி ஐஸ்கிரீம் கேட்டாள். சாயங்காலம் வார்டு முழுக்க நடந்து எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் படுக்கையில் போட்டு, "தம்தம்" என்றேன். எழுந்து உட்கார்ந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

அதற்குப் பிறகு தூக்கம் ஒரு சண்டையாகிவிட்டது. படுக்க மாட்டாள். உட்கார்ந்தபடியே தலை தொங்கித் தூங்குவாள். படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் முகத்திலிருந்து எதையோ தள்ளிக்கொண்டு வீறிட்டு எழுவாள். மறுபடி, மறுபடி. காலையில் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு பள்ளிக்குப் போவாள். டீச்சர், "இன்னைக்கும் தூங்கலையா?" என்று என்னைத்தான் கேட்பார்.

குறட்டை மட்டும் சுத்தமாக நின்றுவிட்டது. அது ஒரு தனிக் கஷ்டம். ஒரு வருடம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே படுத்தவள் நான். சத்தம் இருந்தால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். இப்போது பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடாக ஒரு காற்று விரலில் படும். அப்பாடா என்று கையை எடுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சந்தேகம் வரும்.

பத்தாம் நாள் டாக்டரைப் பார்க்க மெட்ரோவில் கிளம்பினோம். கிளினிக் ஷ்யாம்பஜாரில். எனக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள். பூஜைக்குத் துணி வாங்கப் போகிற கூட்டம், பெட்டி நிறைய பைகள். பார்க் ஸ்ட்ரீட் வரை சந்தோஷமாகத்தான் வந்தாள். சாந்தினி சௌக் தாண்டியதும் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். ஷோபாபஜாரில் கதவு மூடியதும் ஒலிபெருக்கி அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொன்னது. அவ்வளவுதான். "ஜாபோ நா! ஷ்யாம்பஜார் ஜாபோ நா!" போகமாட்டேன், போகமாட்டேன் என்று வங்காளியில் அலறினாள். தமிழில் அழுதிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எதிரில் மூன்று பைகளை மடியில் வைத்திருந்த பெரியவர், "ஏன்மா, ஷ்யாம்பஜார் என்ன பாவம் பண்ணிச்சு? அங்க கச்சூரி எவ்வளவு ருசியா இருக்கும் தெரியுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அவரிடம் மிகவும் பொறுப்பாகச் சொன்னாள்: "அங்க மூக்கை மூடிருவாங்க. அம்மா கையைப் பிடிச்சுக்குவாங்க."

சிரித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர், மூக்கு அருமையாக ஆறிவிட்டது என்றார். தூக்கத்தைப் பற்றிச் சொன்னதும் மயக்க மருந்து டாக்டருக்கே போன் போட்டுக் கொடுத்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் தூக்கம் கலையும். தானா சரியாயிடும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். புதுசா எதையும் பழக்காதீங்க. வழக்கமா எப்படித் தூங்க வைப்பீங்களோ அதையே செய்ங்க."

அந்த வழக்கத்தைத்தானே நான் ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோய்ச் செலவழித்துவிட்டு வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். "சரிங்க டாக்டர்" என்றேன்.

பிறகு போனில் படிக்க ஆரம்பித்தேன். படித்தவள் செய்கிற முட்டாள்தனம் அது. வாயு கொடுத்தால் விழிக்கும்போது பிள்ளைகள் அதிகம் அலறுவார்கள், நரம்பு வழியே கொடுக்கும் மருந்தில் அமைதியாக எழுவார்கள் என்று ஓர் இடத்தில் இருந்தது. சில நாள் போனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று இன்னோர் இடத்தில். சிரப் கொடுத்த பிள்ளைகள் பிறகு நன்றாகத் தூங்குகிறார்கள் என்றது ஒன்று, இல்லை, அவர்களுக்கும் கெட்ட கனவு வரும் என்றது மற்றொன்று. வலிதான் காரணம் என்றும் இருந்தது, பிள்ளையின் சுபாவம் என்றும் இருந்தது. வாயுவா நரம்பு வழியா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் தப்பாகச் சொல்லியிருப்பேனோ?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஜாதவ்பூரில் ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கணவருக்கு அன்று வங்கி. மகளைக் கீழ்வீட்டுக் காகிமாவிடம் விட்டுப் போனேன். சித்தி முறை வைத்து அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பள்ளியில் கணக்கு டீச்சர், யாருக்கும் பயப்படாதவர். நான்கு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டினால், உதட்டில் விரல் வைத்து உள்ளே கூப்பிட்டார்.

என் மகள் அவர் கட்டிலில், திருத்தாத விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, கை கால்களைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தாள். உட்கார்ந்து அல்ல, படுத்து.

"எப்பத்திலேருந்து?"

"ரெண்டு மணியிலேருந்து."

"நடுவுல எழுந்திரிக்கலையா?"

"ஒரு தடவை புரண்டா."

"என்ன செஞ்சீங்க காகிமா? பாடினீங்களா?"

"நானா? நான் பாடினா தெரு நாய் பதில் சொல்லும். பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். தப்புக்கு ஒரு கோடு அவளும் போட்டா. நிறைய தப்பு, பாவம் களைச்சுப் போயிட்டா."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. கட்டிலருகே போனேன். என்னை அறியாமல் கை நீண்டது, அவள் மூக்கருகே விரலை வைத்தேன். சட்டென்று அவள் முகம் சுருங்கியது, கையால் என் விரலைத் தட்டிவிட்டு வீறிட்டு எழுந்தாள்.

காகிமா சிவப்புப் பேனாவை மூடினார். "ஏய், இதென்ன பழக்கம்? தூங்குற பிள்ளை மூஞ்சியில எதுக்குக் கை வைக்கிறே?"

"மூச்சு இருக்கான்னு பார்த்தேன்."

"ரெண்டு மணி நேரம் என் வீட்டுல மூச்சு விடாமலா கிடந்தா? போலீஸ்காரி மாதிரி ரோந்து சுத்துறியே. வீட்டுலயும் இப்படித்தானா?"

அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை முறை அவள் முகத்திலிருந்து எதையோ தள்ளிக்கொண்டு எழுந்திருக்கிறாள். அந்த எதையோ, நினைவில் இருந்த மாஸ்க் என்றே நான் நினைத்தேன். அது என் விரலாக இருந்தால்?

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார். "நீதான் எழுப்பிவிடுறேன்னு எனக்குத் தோணிச்சு. சொன்னா அழுவேன்னு விட்டுட்டேன்."

"தோணிச்சுன்னா சொல்ல வேண்டியதுதானே? நீங்க எதையுமே சொல்ல மாட்டீங்களா?"

"நீ மட்டும் எல்லாத்தையும் சொல்றியாக்கும்?"

சும்மா ஒரு குத்தலுக்குத்தான் கேட்டார் என்று நினைத்தேன். ஆனால் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. டாக்டர் சொன்ன அந்த வாக்கியத்தை, அம்மா பதற்றப்படுகிற ஆளாக இருந்தால் சிரப்தான் நல்லது என்றதை, நான் அவருக்குச் சொல்லாமல் விட்டதை, இரண்டு மாதம் கழித்து அங்கே ஹாலில் நின்றபடி சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அவங்க பேசுனது இம்புட்டு நீளம். நீ சொன்னது ரெண்டு வரி. எனக்கு வங்காளிதான் வராது, கணக்கு வரும்."

"அப்ப ஏன் கேட்கல?"

அவர் கழற்றிய சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தார். "கேட்டா நானும்ல முடிவு சொல்லணும்" என்றார்.

அவர் மேல் கோபப்படுவதா, அந்த நேர்மைக்காகப் பக்கத்தில் போய் உட்காருவதா என்று எனக்குப் புரியவில்லை. டீ போடப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து நாங்கள் படுக்கும் வரிசையை மாற்றினோம். அவர் நடுவில், நான் சுவரோரம். கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். இரண்டு வாரத்தில் அவள் எழுவது குறைந்தது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது, என் விரல்தான் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. ஆனால் அடுத்த வாரம், நான் சாந்த்ராகாச்சியில் அம்மா வீட்டில் இருந்த அன்று, அவள் இரண்டு தடவை அதேபோல் முகத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள் என்று கணவர் சொன்னார். என் விரல் அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை அப்படி எழுகிறாள். மற்ற நாட்களில் நன்றாகவே தூங்குகிறாள். படுக்க மட்டும் இன்னும் யோசிக்கிறாள். தம்தம் என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை.

ஆக, வாயுவா, பயமா, என் முகமா, என் விரலா, நாளாக நாளாகத் தானே சரியாகிக்கொண்டு வருகிறதா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் டாக்டர் அவள் காதைப் பார்த்தார். அடினாய்டால் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கியிருந்த நீர் இன்னும் வற்றவில்லை. குளிர் போன பிறகும் இருந்தால் காதில் ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும். அதே டாக்டர், கொண்டையில் செருகிய பேனாவோடு, அதே கேள்வியைக் கேட்கப்போகிறார். இந்தத் தடவை கணவர் தானே இங்கிலீஷில் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விழிக்கும்போது அலறியதையும், ஸ்டேஷன் கதையையும் முழுதாகச் சொல்லிவிடச் சொல்லி அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதையும் விடவில்லை. விட்டுவிட்டேனோ என்று நான்கு தடவை படித்துப் பார்த்தேன்.

மகளிடமும் கேட்டேன். மத்தியானம் பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல. "பாப்பா, மறுபடி டாக்டர் வீட்டுக்குப் போகணும்னா, அம்மா உள்ள வரட்டுமா, வெளியில இருக்கட்டுமா?"

தன் ஃப்ராக்கைத் தப்பும் தவறுமாக மடித்தபடி யோசித்தாள். "வா. ஆனா பேசாதே."

பிறகு, நான் வருத்தப்பட்டுவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, "கையையும் பிடிக்காதே. சும்மா நில்லு" என்றாள்.

பதற்றப்படுகிற ஓர் அம்மாவால் சும்மா நிற்க முடியுமா? நான்கு வயதுப் பிள்ளை வா என்று சொன்னதை அவளுடைய முடிவாக எடுத்துக்கொள்ளலாமா? அல்லது டாக்டர் முதலிலேயே சொன்னதுபோல் சிரப்பைக் கொடுத்து, அவளுக்கு எதுவும் தெரியாமல் உள்ளே அனுப்பிவிட்டு, என் முகத்தை அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதுதான் நியாயமா? அப்படிச் செய்தால், வா என்று கூப்பிட்டவளிடம் அப்புறம் நான் என்ன சொல்வேன்?

இதைப் படிப்பவர்களில் யாராவது உங்கள் பிள்ளையை அந்தக் கதவு வரை தூக்கிப் போயிருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் உள்ளே போனீர்களா, வெளியே நின்றீர்களா? பிறகு பிள்ளை எத்தனை நாளில் பழையபடி தூங்கியது? நீங்கள் எப்போது தூங்கினீர்கள்? டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் கேட்க முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு தாலாட்டை நாமே கெடுத்துவிட்டால் அதை எப்படித் திரும்பத் தொடங்குவது? வண்டியை வேறு ஸ்டேஷனிலிருந்து கிளப்பிப் பார்க்கலாமா, இல்லை, அவளே ஒருநாள் தம்தம் என்று சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.